நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், ஒரு பிளம்பர் லைசென்ஸ்

குழாயில் தண்ணீர் வருகிறவரை பிளம்பரை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் வேறு யாரையும் நினைப்பதில்லை.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அய்யாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்து என்னைப் படிக்க வைத்தார்கள். பட்டம் வாங்கிய கையோடு ராமநாதபுரத்தில் ஓர் அறை எடுத்து அரசுத் தேர்வுகளுக்குப் படித்தேன். எழுதினேன். மறுபடி படித்தேன். மறுபடி எழுதினேன். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதையின் மீதி தெரிந்திருக்கும். டிகிரியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "அடுத்து என்ன தம்பி பண்றீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அறையில் ஒருநாள் குழாய் உடைந்தது. பிளம்பர் வருவதற்கு நாள் கணக்கில் ஆனது. கடைசியில் காஜா அண்ணன் என்று ஒருவர் வந்தார். கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார். அவர் வெளியே வந்தபோது, எங்கள் வீட்டுக்கு எங்கள் வீட்டுக்கு என்று அழைத்துப்போக வாசலில் மூன்று வீட்டுக்காரர்கள் நின்றார்கள். ஒரு மனிதருக்காக அவ்வளவு பேர் காத்திருந்து அதுவரை நான் பார்த்தது டாக்டர் வீட்டு வாசலில்தான். அன்று முழுவதும் புத்தகத்தில் மனம் ஓடவில்லை. அந்த வேலையைப் பற்றி விசாரிக்கக் கிளம்பிவிட்டேன்.

கையில் ஸ்பானர் இருந்தால் யாரும் பிளம்பர் ஆகலாம். லைசென்ஸ் உள்ள பிளம்பர் ஆவது வேறு. நகராட்சியின் மெயின் குழாயிலிருந்து ஒரு வீட்டுக்குப் புது இணைப்பு வேண்டுமென்றால், உரிமம் பெற்றவர்தான் வரைபடம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஊருக்குப் போய் அய்யாவிடம் சொன்னேன். மகன் அரசாங்க உத்தியோகத்துக்குப் படிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "லைசென்ஸுன்னு ஒண்ணு கையில வரட்டும்யா. அன்னைக்கு நானே ஊருக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

முதல் மரை

ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். அதனால் வகுப்பில் எனக்கு இரண்டு பக்கமும் மீசை முளைக்காத பையன்கள். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் பி.எஸ்ஸி. என்று எழுதுவதா, விட்டுவிடுவதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. எழுதிவிட்டேன். முதல் நாளே வகுப்பு முழுக்க என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தது. வகுப்பில் ஒரே பெண் ஜெனோவா. பாம்பன்காரி, அப்பா விசைப்படகில் போகிறவர். ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்திருந்தாள்.

இரும்புக் குழாயை வைஸில் இறுக்கி, வெட்டுகிற டையை மாட்டி, எண்ணெய் விட்டுச் சுற்றினால் குழாயின் முனையில் திருகி மாட்டுவதற்கான மரை விழும். ஒரு சுற்று முன்னே போனால் கொஞ்சம் பின்னே வந்து துருவலை உதிர்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். கேட்டுத் தலையாட்டினேன். டை கையில் வந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு முன்னேயே சுற்றினேன். டை சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வைஸோடு சேர்ந்து மேஜையும் என் பக்கமாக நகர்ந்தது. ஜெனோவா வந்து எண்ணெய் விட்டாள். நங்கூரக் கயிற்றை அசைத்து அசைத்து எடுப்பதுபோல டையை முன்னும் பின்னும் அசைத்து விடுவித்துக் கொடுத்தாள். மீதியை நான் சுற்றினேன். எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால், குழாயின் முனையில் வெள்ளி மாதிரி மரை.

கல்லூரி ஆய்வகத்தில் எத்தனையோ திரவங்கள் நிறம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் கையால் செய்த ஒன்று இன்னொன்றுக்குள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வளைவுக்கு மாட்டுகிற எல்போவை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். சாப்பாட்டு மணி அடித்தும் நான் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன். தூக்குவாளியோடு வாசலில் நின்ற ஜெனோவா கேட்டாள்: "என்னண்ணே, மூணு வருசம் காலேஜ்ல ஒண்ணையுமே திருகலையா?"

டீயில் உப்பு

படிப்பு முடிந்ததும் நானும் ஜெனோவாவும் காஜா அண்ணனிடமே வேலைக்குச் சேர்ந்தோம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க அனுபவம் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் வேலை செய்து அவர் கையால் சான்று வாங்க வேண்டும். காஜா அண்ணன் எந்த நேரமும் ஒரே சமயத்தில் நான்கு வீடுகளில் வேலையை ஒப்புக்கொண்டு, நான்கு வீட்டுக்கும் "இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பவர். எனக்கு அவர் வைத்த பெயர் பட்டதாரி.

எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாமே இரண்டு. மாடியில் இரண்டு தொட்டி, கீழே இறங்குவது இரண்டு குழாய். ஒன்றில் போர்வெல்லிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ. இன்னொன்றில் நகராட்சி விடும் நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. ஒரு வீட்டில் சமையலறை சிங்குக்கு நல்ல தண்ணீர்க் குழாயை இணைக்கும் வேலை எனக்கு வந்தது. தனியாக நான் செய்யும் முதல் வேலை. முந்தின நாளே மாடியேறி, நல்ல தண்ணீர்க் குழாயில் சாக்பீஸால் 'ந' என்றும் மற்றதில் 'உ' என்றும் எழுதி வைத்தேன். அவ்வளவு கவனமான ஆள் நான். மறுநாள் போனால், கொத்தனார் சுவருக்குத் தண்ணீர் அடித்ததில் இரண்டு எழுத்தும் போய்விட்டிருந்தன. இடது பக்கம்தான் 'ந' என்று நினைவு சொன்னது. நினைவை நம்பி ஒட்டினேன்.

சொட்டு ஒழுகவில்லை. குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினேன். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். சந்தோஷப்பட்டு, புதுக் குழாயில் பிடித்த தண்ணீரிலேயே டீ போட்டு எனக்கும் காஜா அண்ணனுக்கும் கொடுத்தார். காஜா அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன். மூன்றாவதாக டீச்சரம்மா குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற அதே குரலில் என்னிடம் கேட்டார்: "நான் சீனிதான் போட்டேன். உப்பு யாரு போட்டது?"

சார்ஜாவிலிருந்து ஒரு மேற்பார்வை

அன்றிலிருந்து எந்தக் குழாயானாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் விஷயத்தில் தேறிவிட்டேன் என்ற தைரியத்தில் இருந்தபோது, கடற்கரையோர ஊர் ஒன்றில் புது வீட்டு வேலை வந்தது. வீட்டுக்காரர் ஹமீது காக்கா சார்ஜாவில் இருக்கிறார்; அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். இங்கே அவர் மனைவி நூர்ஜஹான் ராத்தாதான் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டார். காஜா அண்ணன் வழக்கம்போல வேறெங்கோ "வந்துக்கிட்டே" இருந்தார். வரைபடத்தைப் பார்த்து, கழிப்பறைப் பீங்கான் உட்கார வேண்டிய இடத்தைத் தரையில் அளந்து கோடு போட்டேன். கோணம், சரிவு எல்லாம் அச்சு மாதிரி வந்திருந்தது. ராத்தா வந்து எட்டிப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. திரையில் ஹமீது காக்கா.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. போனக் கொஞ்சம் கீழ காட்டுங்க. ஆ, அந்தக் கோடு. அது எந்தப் பக்கம் பாத்து உக்காருது?" சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "மேக்கண்ணே" என்றேன். காக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேற்கு அவர்கள் தொழுகிற திசை. கழிப்பறையில் அந்தத் திசையைப் பார்த்தும் உட்காரக்கூடாது, முதுகு காட்டியும் உட்காரக்கூடாது. இது இந்தக் கடற்கரையில் பிளம்பர் வேலை செய்கிற எவனுக்கும் அரிச்சுவடி. உள்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த எனக்கு, வரைபடத்தில் இருந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது. வரைந்தவருக்கு அந்த ஊரே தெரியாது போலிருக்கிறது.

வடக்குப் பார்த்துத் திருப்பலாம். ஆனால் அறை சின்னது. திருப்பினால் கதவு இடிக்கும். போனைச் சுவர்ப்பக்கம் செங்கலில் சாய்த்து வைத்தேன். காக்கா அங்கிருந்து பார்க்க, நான் இங்கே அளந்தேன். கழிவுக் குழாயை எவ்வளவு நகர்த்தலாம், சரிவு போதுமா, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றலாமா என்று இரண்டு பேரும் அரை நாள் மண்டையை உடைத்தோம். அவர் சாப்பாட்டு நேரமும் அதிலேயே போனது. கடைசியில் கணக்கு வந்துவிட்டது. எனக்குப் பரீட்சையில் விடை வந்த மாதிரி சிலிர்ப்பு. ஒரே ஒரு குறை, உட்காருகிறவருக்கு முழங்கால் சுவரில் லேசாக முட்டும். தயங்கித் தயங்கி அதையும் சொல்லிவிட்டேன். ஹமீது காக்கா சிரித்தார்: "முட்டுனா முட்டட்டும் தம்பி. லீவுல வாற ஒரு மாசந்தான, நான் முட்டிக்கிட்டுப் போறேன்."

தண்ணி டிபார்ட்மெண்ட்

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நடப்பேன். பிளாஸ்டிக் குழாய் ஒட்டுகிற பசை விரலில் பட்டால் தோலோடு காய்ந்துவிடும்; உரித்தாலும் போகாது. ஒருநாள் டீக்கடையில் டம்ளரை வாங்கக் கையை நீட்டியபோது, பக்கத்துத் தெரு கருப்பையா மாமா பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, விரலெல்லாம் வெள்ளையா இருக்கு? பரீட்சை எழுதுற பேனாவுல இப்பச் சுண்ணாம்பா வருது?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த அய்யா முந்திக்கொண்டார். பொய் சொல்லவும் வராமல், உள்ளதைச் சொல்லவும் மனமில்லாமல், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அவன் இப்பத் தண்ணி டிபார்ட்மெண்ட்டுல ட்ரெயினிங்ல இருக்கான்."

அதுவரை பெஞ்சின் நுனியில் இருந்த கருப்பையா மாமா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு மாப்ள. எங்க தெருப் பைப்புல ஒரு வாரமாத் தண்ணி வரல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒங்க டிபார்ட்மெண்ட்டுல சொல்லி விட்டுரு."

பாடு மோசம்

ராமேஸ்வரத்தில் ஒரு யாத்திரிகர் விடுதி எங்களுக்கு நிரந்தர வாடிக்கை. காரணம் மணல். கடலில் முங்கி, கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகளில் குளித்து, ஈரத் துணியோடு அறைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி மணலைக் கூடவே கொண்டுவருகிறார்கள். அது நேராகக் கழிவுக் குழாய்க்குள் போகிறது. ஒரு பண்டிகைக் கூட்டத்தில் பெண்கள் குளியலறை அடைத்துக்கொண்டது. நானும் ஜெனோவாவும் போனபோது கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே ஈரப் புடவையோடு வடநாட்டுப் பெண்கள் வரிசை. ஆண்கள் உள்ளே போக வழியில்லை. மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் ஜெனோவாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தாள்.

அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் கம்பியை அவள் உள்ளே விட்டுச் சுற்ற, வெளியே கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் குரல் கொடுத்தேன். மணல் வந்தது. கிளிஞ்சல் வந்தது. ஒரு பூமாலை நாரோடு வந்தது. அப்புறம் கம்பி எதிலோ மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த ஒரு பாட்டியம்மா வந்து ஜெனோவாவுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். இன்னொரு பெண்ணும் சேர்ந்தாராம். ஹிந்தியிலும் தமிழிலும் மாறி மாறிச் சத்தம் கேட்டது. தேர் இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. கடகடவென்று அத்தனை தண்ணீரும் இறங்கியது. உள்ளே பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு வெளியே தனியாக நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ஜெனோவா தலையிலிருந்து கால்வரை நனைந்து வெளியே வந்தாள். தோளில் நீளமாக ஏதோ தொங்கியது. யாரோ குளித்துவிட்டு விட்டுப் போன பழைய புடவை. அதை மேனேஜர் காலடியில் போட்டுவிட்டு, மீன்பாடு சரியாக இல்லாமல் கரை திரும்புகிற அவள் அப்பாவின் அலுப்போடு என்னிடம் சொன்னாள்: "இன்னைக்குப் பாடு மோசம்ணே. இவ்வளவு இழுத்தும் ஒத்தச் சேலதான் பட்டுச்சு."

சான்றிதழா, புகாரா

விண்ணப்பிக்கும் நாள் வந்தது. ஒவ்வொரு நகராட்சியிலும் நடைமுறை கொஞ்சம் மாறலாம். உங்கள் ஊரில் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் கேட்டது ஐ.டி.ஐ. சான்று, அனுபவச் சான்று, ஆதார், புகைப்படம், கட்டணம். அதற்குப் பிறகு பொறியாளர் முன்னால் செய்முறைத் தேர்வு. காஜா அண்ணனிடம் அனுபவச் சான்று கேட்டால், "நீதான் பட்டதாரியாச்சே, நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். என்னைப் பற்றி நானே எழுதுவதா? ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். 'திறமையானவர்' என்று எழுதிவிட்டு அடித்தேன். டீச்சரம்மா வீட்டு டீ நினைவுக்கு வந்தது. பிறகு உள்ளது உள்ளபடி எழுதினேன். என்னென்ன வேலைகள் செய்தேன், அதில் எங்கெங்கே தவறு நேர்ந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது. காஜா அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பாதியில் ஜெனோவாவையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார்: "ஏலே பட்டதாரி, ஒன் மேல யாரும் கம்ப்ளெயிண்ட் குடுக்கலயேன்னு நீயே குடுக்குறியா? போய் நாலு வரில வேற எழுதிட்டு வா."

முள் இறங்கக் கூடாது

தேர்வு தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் நடந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். வரைபடமும் போட்டுவிட்டேன். மிச்சம் செய்முறை. ஒவ்வொருவர் முன்னாலும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களில் ஒன்றிலிருந்து இணைப்பு எடுத்து, ஒரு சமையலறைக் குழாய்வரை கொண்டுபோக வேண்டும். பிறகு முனையை அடைத்து, கைப்பம்பால் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக் காட்ட வேண்டும். அழுத்தமானியின் முள் ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும். இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. அந்த வருடம் அவ்வளவுதான். மற்றவர்கள் கைக்கு அருகில் இருந்த குழாயில் உடனே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஜெனோவா பாதி முடித்திருந்தாள். நான் மட்டும் நின்றேன். சமையலறை என்கிறார்கள், இரண்டு குழாய் இருக்கிறது, எது நல்ல தண்ணீர் என்று சொல்லவில்லை.

முதல் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். குமட்டியது. இரண்டாவதைத் திறந்து வைத்தேன். அதுவும் அதே குமட்டல். உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை; நான் பிறந்ததிலிருந்து ருசித்தறியாத மூன்றாவது தண்ணீர். கேட்டால் மதிப்பெண் குறைப்பார்களோ, கேட்காமல் ஒட்டினால் தவறாகுமோ என்று இரண்டு குழாய்க்கும் நடுவில் நின்றேன். கடைசியில் பொறியாளரிடமே போனேன். "சார், இதுல நல்ல தண்ணி எதுன்னு தெரியல. ரெண்டையும் ருசி பாத்துட்டேன்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டும் ஒரே தொட்டி தம்பி. பரீட்சைக்குன்னு வச்சிருக்கது. எப்ப ரொப்புனதுன்னு எனக்கே தெரியாது. போய் வேலையப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன். பாதி நேரம் போயிருந்தது. வெட்டினேன், பிசிறு எடுத்தேன், பசை தடவினேன், கால் சுற்று திருகி அழுத்திப் பிடித்தேன். கை தானாக ஓடியது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. பம்பை அடித்தேன். முள் ஏறியது. கையை எடுத்தேன். பொறியாளர் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன், தன் வேலையை முடித்துவிட்ட ஜெனோவாவும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பக்கத்து ஆளின் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. என் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. உலகத்தில் அசையாமல் நிற்கிற ஒரு பொருள் இவ்வளவு சந்தோஷம் தரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தேறினேனா என்று கேட்க வாயெடுத்தேன். பொறியாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டே சொன்னார்: "லைன்ல லீக் இல்ல. ஒங்க வயிறு எப்படி இருக்குன்னு நாளைக்குப் பாத்துக்கங்க."

எல்லை

வயிறு இரண்டு நாள் படுத்தியது. அதன்பின் வந்த வாரங்கள் அதைவிடப் படுத்தின. கடைசியில் செய்தி வந்தது, இருவருக்கும் கிடைத்துவிட்டது. ஜெனோவா தன் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து, கரைவலையில் மாட்டிய மாதிரி முழிக்கிறேன் என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் பெயர், அதற்குக் கீழே 'உரிமம் பெற்ற பிளம்பர்' என்று நின்று நின்று வாசித்தேன். வாசித்துக்கொண்டே சாயல்குடி பஸ்ஸில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியையும் வாசித்தேன்.

அய்யா அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். டீக்கடைக்கு நடந்தார். அந்தப் பொடி எழுத்து வரியைச் சொல்ல வேண்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. கடையில் கருப்பையா மாமா இருந்தார். "என்ன மச்சான், வெள்ளையும் சொள்ளையுமா? தண்ணி டிபார்ட்மெண்ட்டுல பிரமோசனா?" என்றார். அய்யா அட்டையை அவர் முன்னால் பெஞ்சில் வைத்தார். "டிபார்ட்மெண்ட்டெல்லாம் இல்ல கருப்பையா. எம்மகன் பிளம்பரு. பரீட்சை வச்சு லைசென்ஸ் குடுத்திருக்காக." அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. கடைக்கு வெளியே போனவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

கருப்பையா மாமா அட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை சத்தமாக வாசித்தார். பொடி எழுத்துக்கும் வந்தார். "இந்த உரிமம் நகராட்சி எல்லைக்குள் மட்டும் செல்லும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப நம்மூர்ல?" பொய் வரவில்லை. "நம்மூரு பஞ்சாயத்து மாமா. இங்கன செல்லாது" என்றேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அய்யா அட்டையை வாங்கி, அதில் பட்டிருந்த டீயைத் துண்டால் துடைத்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "அதனாலென்னய்யா. அங்கன இருக்கையில இத வச்சுக்க, இங்கன வந்தா டிகிரிய வச்சுக்க."

ஆக, சக பாவிகளே, ஊரிலிருந்து பஸ் ஏறினால் உரிமம் பெற்ற பிளம்பராகவும் திரும்பி வந்து இறங்கினால் பி.எஸ்ஸி. வேதியியலாகவும் இப்போது காலம் தள்ளுகிறேன். தண்ணி எப்ப வரும் என்று மட்டும் இரண்டு ஊரிலும் என்னைத்தான் கேட்கிறார்கள்.